முந்திரிக்கொட்டையின் சொந்தபந்தம்

பண்ருட்டியைத் தாண்டிக் காடாம்புலியூர் பக்கம் போனால், முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கவனியுங்கள். நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கும். உடைக்க உட்காரும் முன் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வார்கள். கோடையில் தோப்பில் கொட்டையைச் சுட்டு, பொறுமையில்லாமல் பல்லால் கடித்து, ‘வாய் வெந்துபோச்சு’ என்று அழாத பிள்ளை அந்தப் பக்கத்தில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதே கொட்டையின் பருப்பை நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடுகிறோம். பலருக்கு ருசி, சிலருக்கு மட்டும் தொண்டை அடைக்கிறது. கை வெந்தவரும் தொண்டை அடைத்தவரும் சொல்வது ஒன்றுதான்: ‘எனக்கு முந்திரி ஒத்துக்காது.’ ஆனால் இருவர் உடம்பிலும் நடப்பது ஒன்றல்ல.

முதலில் ஓடு. அதற்குள் தேன்கூடு போல நுண்ணறைகள்; அவற்றில் பழுப்பு நிறத்தில் காரமான எண்ணெய். வண்டியின் பிரேக் கட்டைகள் செய்யவும் வண்ணப்பூச்சுகளிலும் பயன்படுவது இது. இதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை நேரடியாகவே சுடும். சுட்டதோடு விட்டால் பரவாயில்லை. சிலருக்கு இந்த மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்கி அங்கிருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. டி செல் எனப்படும் வெள்ளணுக்கள் அதை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்தமுறை பட்டால் படை திரண்டு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். திங்கட்கிழமை தொட்டது புதன்கிழமை கொப்பளிக்கும். அதற்குள் நாம் செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காயின் மேல் பழியைப் போட்டிருப்போம். பாவம் கத்திரிக்காய்.

இந்த எண்ணெய்க்கு உறவுக்காரர்கள் அதிகம். மாங்காயின் காம்புப் பால், சேராங்கொட்டையின் சாறு, ஜப்பானியர் மரப்பாத்திரங்களில் பூசும் அரக்கு, அமெரிக்கக் காடுகளின் ‘பாய்சன் ஐவி’ கொடி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் மூலக்கூறுகள் ஒரு வளையமும் நீண்ட கார்பன் வாலுமாக ஒரே சாயலில் இருக்கும். உடம்பு பெயரைப் பார்ப்பதில்லை, சாயலைப் பார்க்கிறது. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் அழியாத குறி போட்டது சேராங்கொட்டைச் சாற்றால்தான். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டையில் குறி பட்ட இடத்தில் மட்டும் தோல் கொப்பளித்தது. 1943இல் அது மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. சொந்த ஊரில் பாய்சன் ஐவி பட்டுக் குறித்துவைத்திருந்த உடம்பு, கடல் தாண்டி வந்தும் அதன் பங்காளியை அடையாளம் கண்டுகொள்ளும்.

மாம்பழத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி எடுக்கும் பாட்டிகளின் வழக்கத்துக்கு ‘சூடு தணியும்’ என்றுதான் காரணம் சொல்வார்கள். தோலில் வழிந்த பால் போய்விடுவதே நான் காணும் லாபம். மாம்பழம் சாப்பிட்டால் உதட்டோரம் புண்ணாகிறவர்கள் பழத்தையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வேறொருவர் தோல் சீவித் தந்தால் பலருக்கு ஒன்றும் செய்யாது. பண்ருட்டிப் பலாவுக்கும் பால் உண்டு. ஆனால் பலா ஆல், அத்தியின் சொந்தம். அது ஒட்டும், சுடாது.

இனி பருப்பு. இங்கே குற்றவாளி எண்ணெய் அல்ல, புரதம். 1966இல் இஷிசகா தம்பதி கண்டறிந்த ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டதும், ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் நிமிடங்களில் வெளியே கொட்டுகிறது. தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு. இந்தப் புரதங்களில் ஒன்று இறுக்கமாக முடிச்சுப் போட்டது போன்ற அமைப்புடையது. நெய்யில் பொன்னிறமாக வறுத்தாலும் வயிற்று அமிலத்தில் ஊறினாலும் எளிதில் அவிழாது. ‘நல்லா வறுத்ததுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிஸ்தா முந்திரியின் நெருங்கிய சொந்தம், அதையும் தவிர்ப்பதே நல்லது. நம்மூர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அவரைக் குடும்பம். முந்திரி ஆகாதவருக்கு அதுவும் ஆகாது என்று கட்டாயமில்லை. பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். கண்ணுக்குத் தெரியும் முந்திரியை ஒதுக்கிவிடலாம். அரைத்துக் குருமாவில் கலந்ததைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரதத்தால் வரும் ஒவ்வாமைக்கு இன்னொரு உதாரணம் இறால். சிதம்பரத்துக்காரர்களுக்கு அந்தக் கதை தெரியும். பரங்கிப்பேட்டை, முடசலோடையிலிருந்து வரும் வெள்ளை இறாலைப் போன்றதை வைத்துத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்பா ராவின் குழு ஆராய்ந்தது. இறால் ஒவ்வாமையின் முக்கியக் காரணம் டிரோபோமையோசின் என்ற தசைப் புரதம் என்று 1993இல் அவர்கள் காட்டினார்கள். இதுவும் வெந்தால் அழியாது. கொதிக்கும் சட்டியின் ஆவியே சிலருக்கு மூச்சை இழுக்க வைக்கும். நண்டு, கரப்பான் பூச்சி, தலையணைக்குள் வாழும் தூசிச் சிற்றுண்ணி ஆகியவற்றிலும் ஏறத்தாழ அதே புரதம் உண்டு, எல்லாம் கணுக்காலிகள் என்பதால். மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு. ஆகவே இறால் ஆகாத பலருக்கு வஞ்சிரம் ஒன்றும் செய்வதில்லை. சிற்றுண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. கடலோரக் காற்றில் அதற்குக் குறையேது? தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவது தும்மலுக்கு நல்ல வைத்தியம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகமோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், செட்டிரிசின் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அது அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சுக்குழலைத் திறக்காது. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. உடனே 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.