மூச்சுத் திணறும் கட்டி

வாய்ப்புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தினர் பலர், “வீட்டுக் கவலைகளால் வந்த மன அழுத்தம்தான் காரணமோ?” என்று கேட்பதுண்டு. அந்தக் குற்றவுணர்வு வேண்டாம். நம் நாட்டில் இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள் புகையிலை, பாக்கு, மது ஆகியவையே. மருத்துவ அறிக்கைகளில் காணப்படும் ‘உயிரணு அழுத்தம்’ என்பது மனத்தைப் பற்றியதன்று. ஆக்சிஜனும் ஊட்டமும் போதாமல் உயிரணுக்கள் தவிக்கும் நிலையைக் குறிப்பது.

இரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவுவது அரிது. நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ கட்டி விரைந்து வளரும்போது இரத்தக் குழாய்கள் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. எனவே கட்டியின் உட்பகுதி மூச்சுத் திணறுகிறது. அங்குள்ள அணுக்களில் சில மடிகின்றன. எஞ்சியவை பிழைக்கும் வழியைத் தேடிக்கொள்கின்றன. ஆக்சிஜன் உள்ளபோது உடனுக்குடன் சிதைக்கப்படும் ‘ஹிஃப்’ என்னும் புரதம், ஆக்சிஜன் குறைந்தால் சிதையாமல் நின்று பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. (உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் இவ்வழியைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவரும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.) அதன் விளைவாகப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் அவை கோணலும் கசிவுமாக அமைகின்றன. அணுக்கள் ஆக்சிஜன் இன்றியே சர்க்கரையைச் சிதைப்பதால் லாக்டிக் அமிலம் சுற்றிலும் தேங்குகிறது. அந்த அமிலச் சூழலில் நம் நோயெதிர்ப்பு அணுக்கள் வலுவிழக்கின்றன.

“அப்படியானால் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா?” என்று கேட்போருக்கு என் விடை: கிடக்காது. நோயாளிதான் மெலிவார்.

கதிர்வீச்சு சிகிச்சையில் இதன் தாக்கம் பெரிது. கதிர்வீச்சு மரபுப்பொருளில் உண்டாக்கும் சேதம் நிலைபெற ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் அற்ற உயிரணுக்களை அழிக்க 2.5 முதல் 3 மடங்கு வரை கூடுதல் கதிர்வீச்சு தேவைப்படும் என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அவ்வளவு கூட்டிக் கொடுத்தால் அருகிலுள்ள நல்ல திசு தாங்காது.

“நோய்தான் வந்துவிட்டதே, இனி பீடியை விட்டு என்ன பயன்?” என்ற பேச்சை நான் கடுமையாக மறுப்பது இதனால்தான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே திணறும் கட்டிக்கு ஆக்சிஜன் மேலும் குறைகிறது. சிகிச்சைக் காலத்தில் புகைப்போரிடம் கதிர்வீச்சின் பலன் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புகைப்பதை நிறுத்திய ஓரிரு நாள்களில் இந்த வாயு இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். ஆகவே முதல் கதிர்வீச்சு நாளுக்கு முன்பே நிறுத்துவது மிக நன்று. இடையில் நிறுத்தினாலும் பயன் உண்டு.

சிகிச்சைக் காலத்தில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்வதற்கு இரத்தசோகையைக் கண்காணிப்பதும் ஒரு காரணம். இரத்தம் ஏற்றுவதா, மருந்து தருவதா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். ஹீமோகுளோபினை உயர்த்தும் ஊசிகள் எல்லாம் புற்றுநோயாளிக்கு நன்மை செய்வதில்லை. புகையை விட முடியாமல் தவிப்பவர் தயங்காமல் எங்களிடம் சொல்லலாம். வாயில் புண் உள்ளவருக்கு மெல்லும் நிக்கோட்டினைவிடத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஏற்றதாக இருக்கும்.