காலில் எடுத்து, கையில் வைத்து

“அக்கா, கால் நல்லாத்தானே இருந்துச்சு. அதை ஏன் கிழிச்சாங்க?”

நரம்பு ஒட்டு வைத்தபின் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் கைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். இதை விளக்கிச் சொல்வதே பாதி வைத்தியம்.

கண்ணாடி கீறி நரம்பு அறுந்தால், இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். டைல்ஸ் வெட்டும் மெஷின் பட்டால் நரம்பு ஓரிரு அங்குலம் சிதைந்துபோகும். அதை இழுத்துத் தைத்தால் ரத்த ஓட்டம் குறையும், தழும்புதான் மிஞ்சும். இழுக்காமல், இடைவெளியில் வேறிடத்து நரம்புத் துண்டை ஒட்டாக வைக்கும் முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் வியன்னாவின் ஹன்னோ மில்லேசி. அவருடைய ஆய்வு 1972-இல் வந்தது.

ஒட்டுக்குப் பெரும்பாலும் கெண்டைக்காலின் பின்னால் ஓடும் சூரல் நரம்பை எடுப்பார்கள். அது உணர்ச்சி நரம்பு. எடுத்தால் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போகும், நடைக்குக் குறைவில்லை.

வைத்த ஒட்டு உடனே வேலை செய்யாது. அதற்குள் இருந்த இழைகள் செத்துவிடும். உறையும் துணைச் செல்களும் மிஞ்சும். கொடிக்குப் போட்ட பந்தல் மாதிரிதான் அது. மேல்முனையிலிருந்து புது இழை அதைப் பற்றிக்கொண்டு நகர வேண்டும், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கே அரை வருடத்துக்கு மேலாகும். தோளருகே அடிபட்டவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசை, பிறகு இழை வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் எழும்பாது.

இழை வந்து சேரும்வரை மூட்டுகள் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மாதாமாதம் நரம்பு போகும் வழியில் விரலால் தட்டிப் பார்ப்பேன். “சுர்ருனு கரண்ட் அடிக்குதுக்கா” என்று அவர்கள் பயப்படும் இடத்தில் பேனாவால் குறி போடுவேன். குறி கீழே இறங்கினால் இழை வளர்கிறது என்று அர்த்தம், எனக்குக் கொண்டாட்டம். இது பிரெஞ்சு மருத்துவர் டினெல் 1915-இல் விவரித்த சோதனை. செலவில்லாதது, இன்றும் இதைத்தான் நம்புகிறேன். இதற்கிடையில் சூடு தெரியாமல் டீ கிளாஸைப் பிடித்து, கொப்புளத்தோடு வருகிறவர்களைத் திட்டவும் வேண்டியிருக்கிறது.

பழைய கை அப்படியே திரும்புமா? பெரியவர்களுக்கு அது அபூர்வம். கரண்டி பிடிக்க வரும், சட்டைப் பொத்தான் படுத்தும்.

மணிக்கட்டில் வெட்டுப்பட்டால், தோலைத் தைக்குமுன் ஒவ்வொரு விரல்நுனியிலும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மரத்திருந்தால் கை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.