உங்களுக்குத் தெரியுமா? மலேசியாவின் கேமரன் மலைக் குளிருக்குள் ஒரு நேர்கோடு இருக்கிறது!

மலையடிவாரத் தாப்பாவில் சட்டை முதுகோடு ஒட்டும். ரிங்லெட் தாண்டியதும் பஸ் ஜன்னலைச் சாத்தத் தோன்றும். ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்து தானா ராத்தாவில் ஸ்வெட்டரைத் தேடுவோம்.

வழிநெடுக உயரத்தையும் வெப்பநிலையையும் குறித்து, கட்டத்தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசையாக நிற்காது. ஓரிடத்தில் மேகம் மூடியிருக்கும். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவிலோ வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனாலும் அவற்றின் ஊடே ஒரு கோடு போடலாம். ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு மேலோ கீழோ விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ, அதுவே நமக்கு வேண்டிய கோடு. இதுதான் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு. கோட்டின் சரிவு, மேலே ஏற ஏற எத்தனை டிகிரி குறைகிறது என்று சொல்லும். உலகச் சராசரி, 1,000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி செல்சியஸ்.

ஓர் அழகான பொருத்தம்: வில்லியம் கேமரன் இம்மலையை அளக்க வந்த அதே 1885இல், பிரிட்டனில் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், பெற்றோர்-பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டுப் பேசினார். பெற்றோர் சராசரியைவிட 3 அங்குலம் கூடுதலென்றால், பிள்ளைகள் ஏறத்தாழ 2 அங்குலமே கூடுதல். சராசரியை நோக்கிய அந்தத் ‘திரும்புதல்’தான் இம்முறைக்கு ஆங்கிலத்தில் ‘regression’ என்ற பெயராக நிலைத்தது.