கரண்டு பில்லில் ஒரு யூனிட் செய்யும் வேலை



கரண்டு பில் கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது கட்ட வேண்டிய தொகையைத்தான். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைத் தெரிந்துகொண்டால் வீட்டுச் செலவில் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்கலாம்.

பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, எரித்த யூனிட்டுக்கான காசு. மற்றது, எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம். இரண்டுமே படிப்படியாக ஏறும். மாதத்துக்கு 30 யூனிட் வரை ஒரு படி, 60 வரை அடுத்த படி. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டுக்கே கூடின விலை போடப்படும். குறைந்த விலைச் சலுகை முழுதும் போய்விடும்.

2023 பெப்ரவரியில் வந்த கட்டணத்தை எடுத்துப் பார்ப்போம். அப்போது 60 யூனிட் எரித்த வீட்டுக்கு, முதல் 30க்கு 30 ரூபாய் வீதமும் அடுத்த 30க்கு 37 ரூபாய் வீதமும் போட்டு, நிலையான கட்டணம் 550ஐயும் சேர்த்தால் 2,560 ரூபாய். 61 யூனிட் எரித்த வீட்டுக்கோ, எல்லா யூனிட்டுக்கும் 42 ரூபாய், நிலையான கட்டணம் 650. மொத்தம் 3,212 ரூபாய். ஒரேயொரு யூனிட்டுக்கு 652 ரூபாய் கூடிவிட்டது! அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். அரைப் பேருக்கும் மேலே போச்சு.

அதன் பிறகு கட்டணம் பல தடவை குறைந்தும் கூடியும் இருக்கிறது. 2025 ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். ஆனால் அப்போதும் 30, 60 என்ற படிகள் மாறவில்லை.

இதில் லயத்து ஆட்களுக்கு இன்னொரு நட்டமும் இருக்கிறது. சலுகை மீட்டருக்குத்தான், வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. ஆளுக்கு 45 யூனிட் எரிக்கும் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால், 2023 கணக்கில் இரண்டு பில்லும் சேர்ந்து 4,010 ரூபாய். அதே இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் 90 யூனிட் எரித்தால் 4,430 ரூபாய். எரித்தது ஒன்றுதான், கட்டுவது கூட.

நாம் செய்யக்கூடியவை:

1. நாளைக்கு இரண்டு யூனிட் என்று கணக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். வாரத்துக்கு 14ஐத் தாண்டினால் கவனம். படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

2. 1,000 வாட் அயன் பெட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்றுவிடும். பழைய 60 வாட் குண்டு பல்ப் 17 மணி நேரத்துக்குள் ஒரு யூனிட்டை முடிக்கும். 10 வாட் எல்.ஈ.டி. பல்ப் 100 மணி நேரம் எரியும். ஆகவே முதலில் குண்டு பல்பை மாற்றுங்கள். உடுப்புகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அயன் பண்ணுங்கள். குளிருக்குச் சுடுதண்ணி வேண்டும்தான், ஆனால் கேத்தலில் தேவையான அளவு மட்டும் ஊற்றுங்கள்.

3. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால், தனி மீட்டர் எடுக்க எவ்வளவு செலவாகும் என்று கரண்டு ஆபீசில் விசாரியுங்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்திடமும் பேச வேண்டும். தனியாகப் போவதைவிட லயத்தார் சேர்ந்து போனால் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

4. பில் கட்ட முடியாவிட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கரண்டை வெட்ட வருவதற்கு முன்பே போய், பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் சொல்லலாம். எட்டுப் பேர் இருக்கும் லயத்து வீட்டுக்கும், ஆளே இல்லாமல் பூட்டிக்கிடக்கும் பங்களாவுக்கும் ஒரே படியா என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? அடுத்த தடவை அறிவித்தல் வரும்போது, உங்கள் பில்லையும் மீட்டர் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு நாலு வரி எழுதி அனுப்புங்கள்.