அப்பா ரியாத்தில், பிள்ளை ஆம்பூரில்: கல்லூரி உதவித்தொகை எங்கே இருக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆம்பூர், வாணியம்பாடி டீக்கடைகளில் காதில் விழுகிற பேச்சு இது: “அவங்கப்பா சவுதியில இருக்காரு, அவங்களுக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்?” ஊர் சொல்வதை வீடும் நம்பிவிடுகிறது. ஒரு விண்ணப்பமும் போடாமல், தெரிந்தவரிடம் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிவிடுகிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பதினொன்றும் பன்னிரண்டும் எங்கே படித்தது? அங்கேயா, இங்கேயா? அப்பாவின் சம்பளத்தைவிட இந்தக் கேள்விதான் பல கதவுகளைத் திறக்கிறது, மூடுகிறது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு வளைகுடாவுக்குப் போன நம் பக்கத்து ஆட்களில் பலருக்கு குடும்ப விசா எடுக்கும் அளவுக்குச் சம்பளம் இருப்பதில்லை. பிள்ளைகள் ஊரிலேயே படிக்கிறார்கள். அதனால் அவர்களில் இருந்தே தொடங்குவோம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அப்பா எந்த நாட்டில் வேலை பார்க்கிறார் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்களில் உருது வழிப் பள்ளிகளும் உண்டு என்பதால், உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளை எந்த வழியில் படித்ததாகப் பதிவு இருக்கிறது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. இதற்கும் வருமான வரம்பு கிடையாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு டேனரிக்குப் போய், அங்கிருந்து துபாய் போன அப்பாவின் மூத்த பிள்ளைக்கு இது முழுப் பொருத்தம். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம்.

இங்கேதான் எனக்கு மனசு பதறும் ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா வெளிநாட்டில் என்று தெரிந்த உடனே சீட் வாங்கித் தரும் ஏஜென்ட் வீட்டுக்கு வந்துவிடுவார். மேனேஜ்மென்ட் கோட்டா, என்ஆர்ஐ கோட்டா என்று ஆசை காட்டுவார். அந்த வழியில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை போய்விடும், ஏனென்றால் அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். நல்ல கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளையை அவசரப்பட்டுக் கோட்டாவில் தள்ளாதீர்கள். கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இனி, வெளிநாட்டு வேலைக்கென்றே இருக்கும் உதவித்தொகை. மத்திய வெளியுறவு அமைச்சகம் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்காக நடத்தும் இந்தத் திட்டத்தை எஸ்.பி.டி.சி. என்பார்கள். 2006-07இல் தொடங்கியது. ஆண்டுக்கு 150 பேருக்கு, இளநிலைப் படிப்புக்கு, ஒருவருக்கு வருடம் அதிகபட்சம் 4,000 டாலர். இந்த 150இல் 50 இடம், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு. சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, மலேசியாவும் உண்டு. அந்த 50லும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 17 இடம், இந்தியாவில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. அப்பா தம்மாமில், பிள்ளை ஆம்பூரில் என்ற வீட்டுக்கான இடம் அது.

நாடு முழுவதுக்கும் 17தான், போட்டி இருக்கும். ஆனாலும் விண்ணப்பிக்காத பிள்ளைக்கு அந்தப் போட்டியில் இடமே இல்லையே. எல்லாக் கல்லூரிக்கும் இது பொருந்தாது, என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்கள், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் ‘ஏ’ தரம் பெற்றவை என்று வரையறை வைத்திருக்கிறார்கள். சேரும் முன்பே கல்லூரியின் தரச் சான்றைப் பாருங்கள். பெற்றோர் வருமானத்துக்கு உச்சவரம்பும் உண்டு. விண்ணப்பம் இந்தியத் தூதரகம் வழியாகப் போகும் என்பதால் அப்பாவும் அங்கே கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு வளைகுடாவில் இருந்து, பிள்ளை அங்கேயே இந்தியப் பள்ளியில் படித்திருந்தால் கணக்கு வேறு. என்.ஐ.டி.களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைக்கு ‘டாசா’ என்று பெயர். அதில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கல்விக் கட்டணம். ஆனால் அதற்குள்ளேயே வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஒரு பிரிவு இருக்கிறது. அதில் சேர்ந்தால் இந்திய மாணவருக்கான கட்டணமே. ஜே.இ.இ. மெயின் ரேங்க் வேண்டும். கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களில் அண்ணா பல்கலைக்கழகமும் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் தருகிறது. பணமாகக் கைக்கு வராவிட்டாலும், என்.ஐ.டி.யில் நாலு வருடக் கட்டணத்தில் மிச்சமாவதைக் கூட்டிப் பார்த்தால் எந்த ஸ்காலர்ஷிப்பைவிடவும் இது பெரிது. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு இல்லை. பிள்ளை ஊருக்குத் திரும்பி தமிழ்நாட்டுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ள நினைத்தால் இருப்பிடச் சான்று வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் அதற்கு நாள் பிடிக்கும்.

ஆகவே, பத்தாவது முடிந்ததும் பிள்ளையை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே வைத்துக்கொள்வதா என்பதை ஃப்ளைட் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வருமானச் சான்று பற்றிப் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பிளஸ் டூவில் தங்கள் போர்டின் முதல் 20 சதவீதத்துக்குள் வருபவர்களில் தேர்வாகிறவர்களுக்கு மத்திய அரசு பட்டப்படிப்புக் காலத்தில் வருடம் 12,000 ரூபாய் தருகிறது. வருமான வரம்பு 4.5 லட்சம். வளைகுடாச் சம்பளத்தை மறைத்து இங்குள்ள வருமானத்தை மட்டும் காட்டலாமா? கூடாது. மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கும் அப்பாவின் வருடக் கணக்கு 3.6 லட்சம். கம்பெனி தரும் சம்பளச் சான்றில் உள்ளதை அப்படியே காட்டினாலும் வரம்புக்குள் வரும் வீடுகள் நிறைய. மறைக்கவே தேவையில்லாத இடத்தில் பொய் சொல்லி, பிறகு சரிபார்ப்பில் பிள்ளை மாட்டிக்கொள்வது கொடுமை.

அடுத்த லீவுக்கு அப்பா வரும்போது கம்பெனி முத்திரையுள்ள சம்பளச் சான்று, விசா அல்லது இகாமா (வசிப்பிட அனுமதி அட்டை) நகல், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசின் வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்யவும் சொல்லுங்கள். உறுப்பினருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் திட்டமும் அதில் இருக்கிறது. அதற்காக லீவு வரை காத்திருக்க வேண்டாம், அங்கிருந்தே ஆன்லைனில் பதியலாம்.