பிறை தெரிஞ்சாச்சா? பிரியாணிக்கு முன்னால் 'பித்ரா' அரிசி
நோன்புப் பெருநாள் கொண்டாடுவது எப்படி?

நெல்லை:

ரம்ஜான் மாதம் 29-ம் நோன்பு அன்று சாயங்காலம் மேலப்பாளையத்தில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு எல்லோரும் மேற்கே வானத்தை பார்ப்பார்கள். மொட்டை மாடிகளில் பிள்ளைகள் கூட்டம். "பிறை தெரிஞ்சாச்சா?" என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்.

பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியவில்லை என்றால் 30 நோன்பையும் முடித்துவிட்டு அதற்கடுத்த நாள். தமிழ்நாட்டில் இதை அரசு தலைமை காஜி அறிவிப்பார். கேரளாவில் தனியாக பிறை பார்ப்பார்கள். 2024-ல் அங்கே ஏப்ரல் 10-ந்தேதி பெருநாள், இங்கே 11-ந்தேதி. உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் போதும் என்று சொல்லும் அமைப்புகளும் நம்ம பக்கம் உண்டு. அவர்கள் ஒருநாள் முந்தியே கொண்டாடி விடுவதும் உண்டு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிரியாணி வாசம், அடுத்த வீட்டில் நோன்பு என்ற கூத்தும் நடக்கும்!

தலைக்கு இவ்வளவு

ரம்ஜான் என்றதும் மற்றவர்களுக்கு ஞாபகம் வருவது பிரியாணிதான். ஆனால் அடுப்பில் சட்டி ஏறும் முன்பே தீர்க்க வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. அதுதான் 'பித்ரா'.

வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பேருக்கும் கணக்கு போட்டு ஏழைகளுக்கு கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் சேர்த்து தகப்பன்தான் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு 'ஒரு ஸாவு' தானியம் என்பது அளவு. அரிசி என்றால் சுமாராக இரண்டரை கிலோ. 5 பேர் உள்ள வீட்டுக்கு பன்னிரண்டரை கிலோ ஆகிறது. கோதுமை விலையை கணக்கு பண்ணி பணமாக கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த வருஷத்து தொகையை பள்ளிவாசலில் சொல்லி விடுவார்கள்.

இதை ஜகாத்தோடு சேர்த்து குழப்பிக்கொள்ள கூடாது. ஜகாத் என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு வருஷம் கையில் நின்ற சொத்துக்கு நூற்றுக்கு இரண்டரை. அது வசதி உள்ளவர்கள் பாடு. பித்ரா அப்படி இல்லை. அன்றைய ராத்திரி, பகல் சாப்பாட்டுக்கு மேல் மிச்சம் இருந்தாலே கொடுக்க வேண்டும் என்கிறது ஷாபி சட்டம். ஹனபி சட்டப்படி ஓரளவு சொத்து இருப்பவர்கள் மீது மட்டும் கடமை. ஷாபி சட்டப்படி பார்த்தால், பீடி சுற்றி பிழைக்கும் வீடு ஒரு கையால் பித்ரா வாங்கி மறு கையால் கொடுக்கவும் வேண்டி வரும்.

முக்கியமானது நேரம். பெருநாள் தொழுகைக்கு முன்பே அரிசி ஏழை வீட்டுக்கு போய் சேர வேண்டும். தொழுகை முடிந்து கொடுத்தால் அது சாதாரண தர்மம், பித்ரா ஆகாது. காரணம் இருக்கிறது. பெருநாள் அன்று நோன்பு வைக்க கூடாது, எல்லோரும் சாப்பிட்டே ஆக வேண்டும். அரிசி இல்லாத வீடு அன்றைக்கு என்ன செய்யும்? கையேந்தி நிற்குமா? அதனால்தான் பிறை தெரிந்த ராத்திரியில் துணிக்கடை, தையல் கடை பரபரப்புக்கு நடுவே அரிசிப்பையோடு ஆட்கள் தெருத்தெருவாக அலைகிறார்கள்.

ஊரடங்கில்

2020-ல் மே 25-ந்தேதி வந்த பெருநாள் யாருக்கும் மறக்காது. கொரோனா ஊரடங்கால் பள்ளிவாசல்கள் பூட்டிக்கிடந்தன. வீட்டுக்குள்ளேயே தொழுதார்கள். கட்டித்தழுவல் கிடையாது. வேலை போய், கூலி இல்லாமல் கிடந்த பல வீடுகளுக்கு அந்த வருஷம் பித்ரா அரிசிதான் பெருநாள்.

பெருநாள் காலை

காலையில் குளித்து, இருப்பதில் நல்ல துணி உடுத்தி, அத்தர் பூசி, இரண்டு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பேரீச்சம்பழம் என்றால் ஒன்று, மூன்று என ஒற்றைப்படையில் சாப்பிடுவார்கள். இந்த தொழுகைக்கு பாங்கு கிடையாது. ஷாபிகள் 12, ஹனபிகள் 6 தக்பீர் கூடுதலாக சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மாதிரி இல்லாமல் பிரசங்கம் தொழுகைக்கு பிறகுதான். போன வழியில் திரும்பாமல் வேறு வழியாக வீட்டுக்கு வருவார்கள். அப்படியே கபரஸ்தான் போய் இறந்தவர்களுக்கு துஆ கேட்பவர்களும் உண்டு.

மதியம் பிரியாணி. உருது பேசும் வீடுகளில் சேமியா, பால் போட்ட ஷீர் குருமா. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் வட்டிலப்பம். பிள்ளைகளோ பெரியவர்களை தேடித்தேடி சலாம் சொல்லி பெருநாள் காசு வசூல் பண்ணுவதிலேயே குறியாக இருக்கும்.

அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தில் 6 நோன்பு வைத்தால் வருஷம் முழுக்க நோன்பு இருந்த நன்மை என்பது நம்பிக்கை. அதனால் பல வீடுகளில் பெண்கள் மறுநாள் சகருக்கே மறுபடி அலாரம் வைத்து விடுகிறார்கள்.