சாக்லேட்டா, சாக்லேட் வேஷமா?



சாக்லேட் பிடிக்காதவர் நம் பள்ளியில் யாராவது உண்டா? இருந்தால் உங்கள் பங்கை என்னிடம் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி. நாம் சாக்லேட் என்று சொல்வதெல்லாம் சாக்லேட்தானா? பிறந்த நாளுக்கு வகுப்பில் தருகிற ஆரஞ்சு முட்டாயும் நமக்குச் சாக்லேட்தான். பெட்டிக்கடை பாட்டிலில் இருக்கிற காபி முட்டாயும் சாக்லேட்தான். உண்மையில் கோகோ விதையில் இருந்து செய்தால்தான் அது சாக்லேட். மற்றதெல்லாம் முட்டாய்! கோகோ இருந்தாலும், எதனால் ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்று மெழுகு மாதிரி இருக்கிறது? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரத்தில் காய்க்கிறது

நம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலாக்காய் மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய 30, 40 விதைகள். சதையைச் சப்பினால் தித்திப்பும் புளிப்பும். விதையைக் கடித்தாலோ ஒரே கசப்பு! எங்க அம்மிச்சி ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இந்தக் கசப்புக் கொட்டையவா அத்தன காசு குடுத்துத் திங்கறீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கசப்பு போவது எப்படி?

இட்லி மாவைப் போலத்தான், புளிக்க வைக்க வேண்டும். விதைகளைச் சதையோடு கூடையிலோ மரப்பெட்டியிலோ குவித்து, வாழை இலை போட்டு மூடிவிடுவார்கள். நடுநடுவே கிளறி விடுவார்கள். நுண்ணுயிரிகள் வேலை செய்ய, குவியல் 45 டிகிரிக்கு மேல் சூடாகும். ஆறு நாளில் கசப்பு குறைந்து, பிற்பாடு மணம் வருவதற்கான பொருள்கள் விதைக்குள் உண்டாகிவிடும். அப்புறம் வெயிலில் காய வைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைப்பார்கள். சரியாகப் புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. ஆகவே நல்ல சாக்லேட்டின் முதல் பாதி தோப்பிலேயே முடிந்துவிடுகிறது.

அரைப்பதிலும் விஷயம் இருக்கிறது. 1879-இல் சுவிட்சர்லாந்தின் ரொடால்ஃப் லிண்ட் என்பவர் மணிக்கணக்காக அரைத்துக்கொண்டே இருந்தால் நறநறப்பு போய் வழவழப்பு வரும் என்று கண்டார். இன்று வெளிநாடுகளில் சிறிய அளவில் சாக்லேட் செய்கிறவர்களில் பலர், நம் ஊர்க் கல் கிரைண்டரைக் கொஞ்சம் மாற்றியமைத்து அதில்தான் அரைக்கிறார்கள். நம்ம கோயம்புத்தூர் கிரைண்டர், இட்லிக்கு மட்டும் இல்லை!

ரகசியம் வெண்ணெயில்!

கோகோ விதையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. அதற்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். மாட்டுப்பால் வெண்ணெய் இல்லை. இது சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அதனால்தான் கையில் கட்டியாக இருப்பது வாயில் போட்டதும் கரைந்து ஓடுகிறது. உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வருவதும், மேலே பளபளப்பு இருப்பதும் இந்த வெண்ணெய் சரியாக உறைந்ததால்தான்.

கோகோ வெண்ணெய் விலை அதிகம். அதனால் சிலர் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைக் கலந்து செய்கிறார்கள். இதைக் 'காம்பவுண்ட்' என்பார்கள். வெயிலுக்குச் சீக்கிரம் உருகாது. ஆனால் மேலண்ணத்தில் பிசுக்கென்று ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த வரிசை

1. முந்திரி போட்ட பால் சாக்லேட்: சாக்லேட் கரைய, வறுத்த முந்திரி மொறுமொறு என்று கடிபடும். ஒரே வாயில் ரெண்டு வேலை! பாலைக் கோகோவோடு சேர்ப்பது முதலில் பெரும்பாடாக இருந்தது. பாலில் தண்ணீர், கோகோவில் கொழுப்பு, இரண்டும் சேராதே! 1875-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் கெட்டிப்பாலைச் சேர்த்து வழி கண்டுபிடித்தார்.

2. கறுப்பு சாக்லேட்: உறையில் 70 சதவீதம் என்றிருந்தால், கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து அவ்வளவு என்று அர்த்தம். முதல் தடவை மூஞ்சி சுளிக்கும். மெல்லாமல் நாக்கில் வைத்திருங்கள், மெதுவாகப் பழ வாசம் வரும்.

3. வெள்ளை சாக்லேட்: இதில் கோகோ வெண்ணெய் மட்டும், கோகோத் தூள் கிடையாது. எனக்குக் கொஞ்சம் திகட்டும். தம்பிக்கு உயிர்!

உறையைப் படியுங்க

எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை உறையில் முதலில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதல் பெயரே சர்க்கரை என்றால், அதுதான் உள்ளே அதிகம். 'கோகோ பட்டர்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்' இருந்தால் காம்பவுண்ட் என்று தெரிந்துகொள்ளலாம். அதைத் தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. சாக்லேட்டுக்கான காசை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இது இப்போது ஏன் முக்கியம் தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில்தான் உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைகிறது. அங்கே மழைக் கோளாறாலும் மர நோயாலும் விளைச்சல் குறைந்து, 2024-இல் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டியது. விலை ஏறியதும் பல நிறுவனங்கள் கோகோவைக் குறைத்து வேறு கொழுப்பைக் கூட்டின. 2025-இல் இங்கிலாந்தில் பெங்குவின், கிளப் என்ற இரண்டு பிஸ்கட்டுகளுக்கு 'சாக்லேட்' என்று போட முடியாமல், 'சாக்லேட் சுவை' என்று உறையில் மாற்றிப் போட வேண்டியதாயிற்று. மேலே பூசியதில் கோகோ அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது! கோகோவுக்குப் பதில் வேறு கொழுப்பு போனால், நம் தோப்புக்காரர் ஆறு நாள் புளிக்க வைத்த உழைப்புக்கும் மதிப்பு இல்லாமல் போகும். நம் பாக்கெட் மணியும் வீணாகும்.

துணுக்குகள்

* உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் பூசணம் இல்லை, மேலே வந்த கொழுப்புதான். தின்னலாம்.

* நாய்க்குட்டிக்குச் சாக்லேட் கொடுக்கவே கொடுக்காதீங்க. கோகோவில் உள்ள தியோபுரோமின் அதற்கு விஷம்.

நண்பர்களே, இந்த வாரம் நீங்கள் தின்கிற சாக்லேட்டின் உறையைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். அதில் எந்தக் கொழுப்பு இருக்கிறது என்று இதன் கீழே ஒட்டியுள்ள தாளில் எழுதுங்கள. எது நிஜம், எது வேஷம் என்று நாமே ஒரு பட்டியல் போட்டுவிடலாம்!



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி